சயனோடைப் அச்சும் அலசும் நீரும்

சயனோடைப் என்பது இரும்பு உப்புகளைப் பூசிய தாளில் வெயிலைக் கொண்டு நீல நிறப் படம் பதிக்கும் பழைய ஒளிப்பட முறை. தமிழில் இது நீல அச்சு, நீலப்படி என்றும் வழங்கப்படுகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த வானியலாளர் சர் ஜான் ஹெர்ஷல் 1842-இல் இதைக் கண்டறிந்தார். இருட்டறையோ வெள்ளி உப்போ இதற்குத் தேவையில்லை. இரண்டு வேதிப்பொருள்கள், ஒரு தாள், நண்பகல் வெயில், ஒரு தட்டு நீர் ஆகியவை போதும். ஆகவே பள்ளிகளிலும் வீடுகளிலும் இன்றும் எளிதாகச் செய்து பார்க்கப்படும் ஒளிப்பட முறையாக இது இருக்கிறது.

எளிய முறையாக இருந்தாலும், ஒரே மருந்து, ஒரே தாள், ஒரே வெயிலில் செய்த இரு படங்கள் வெவ்வேறாக அமைவது உண்டு. ஒன்று ஆழ்ந்த நீலமாக நிற்கும். மற்றொன்று அலசும்போதே வெளிறி, வெள்ளைப் பகுதிகளில் மஞ்சள் கறை படியும். பெரும்பாலும் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் அலசும் நீர். நீரின் புளிப்பும் காரமும் நீல அச்சின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. மலை ஓடை நீரும் சமவெளிக் கிணற்று நீரும் சில மைல் தொலைவுக்குள் கிடைக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டம் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள நல்ல எடுத்துக்காட்டு.

பிரஷ்யன் நீலம்

சயனோடைப் படத்தின் நிறம் பிரஷ்யன் நீலம் என்னும் நிறமியிலிருந்து வருகிறது. 1706-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெர்லின் நகரில் டீஸ்பாக் என்ற சாயத் தயாரிப்பாளர் சிவப்பு நிறமி ஒன்றைச் செய்ய முயன்றார். அவர் பயன்படுத்திய சாம்பல் உப்பு, விலங்கு இரத்தத்திலிருந்து வடித்த எண்ணெயால் மாசுபட்டிருந்தது. சிவப்புக்குப் பதிலாக ஆழ்ந்த நீலம் கிடைத்தது. அதன் செய்முறை சில காலம் மறைத்து வைக்கப்பட்டு, 1724-இல் லண்டன் ராயல் சங்கத்தின் இதழில் வெளியானது.

இந்த நீலத்தின் பலவீனமும் விரைவில் தெரிய வந்தது. 1752-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பியேர் மக்கே, பிரஷ்யன் நீலத்தைக் காரக் கரைசலில் காய்ச்சினால் நிறம் அழிந்து இரும்புத் துரு போன்ற பொருள் அடியில் தங்குவதைக் காட்டினார். கரைசலில் மிஞ்சியது பின்னாளில் பொட்டாசியம் ஃபெரோசயனைடு எனப் பெயர் பெற்ற மஞ்சள் உப்பு. 1782-இல் சுவீடனைச் சேர்ந்த கார்ல் ஷீலே எதிர்த் திசையில் சென்றார். பிரஷ்யன் நீலத்தை வீரியமான கந்தக அமிலத்துடன் சூடாக்கி, பின்னர் ஹைட்ரஜன் சயனைடு என்று அறியப்பட்ட கொடிய நஞ்சைப் பெற்றார்.

சயனோடைப் பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அதன் இரண்டு எல்லைகளும் இவ்வாறு தெரிந்திருந்தன. காரம் மிகுந்தால் நீலம் அழியும். வீரிய அமிலமும் வெப்பமும் சேர்ந்தால் நஞ்சு பிறக்கும். இவற்றுக்கு இடையே, மென்மையான புளிப்பில்தான் இந்த நீலம் நிலையாக இருக்கிறது.

ஹெர்ஷலும் பூச்சாறும்

1842 ஜூன் மாதம் ஹெர்ஷல் ராயல் சங்கத்தில் ஒரு கட்டுரையை அளித்தார். தாவர நிறங்களின் மீது சூரிய ஒளி என்ன செய்கிறது என்பதே அதன் முதன்மைப் பொருள். பூக்களின் சாற்றைத் தாளில் பூசி வெயிலில் வைத்து, எந்த நிறம் எவ்வளவு வெளுக்கிறது என்று அவர் பல நாட்கள் கவனித்திருந்தார். அதே ஆய்வின் தொடர்ச்சியாக இரும்பு உப்புகளுக்கு வந்தார். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரு உப்புகளின் கலவையை வெயிலில் வைத்து நீரில் அலசியபோது நீலப் படம் நிலைத்தது. இரண்டாவது உப்பை 1822-இல் லியோபோல்ட் மெலின் கண்டறிந்திருந்தார். அதை ஹெர்ஷலின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் மின்வேதியியல் ஆய்வாளரான ஆல்ஃபிரட் ஸ்மீ.

வெள்ளி உப்பு முறைகளில் படத்தை நிலைநிறுத்தத் தனி மருந்து வேண்டும். ஹைப்போ எனப்படும் அந்த மருந்தை ஒளிப்படத்துக்கு அறிமுகம் செய்தவரும் ஹெர்ஷலே. சயனோடைப்பில் அந்த வேலையை வெறும் நீரே செய்துவிடுகிறது. அதுவே இம்முறையின் சிறப்பு. நீரின் குணத்தைச் சார்ந்திருக்க வேண்டிய நிலை ஏற்பட்டதும் அதனால்தான்.

அடுத்த ஆண்டே இம்முறை நூலாக்கத்துக்கு வந்தது. தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைத் தாளின் மீது நேரடியாக வைத்து நீல அச்சுகள் எடுத்தார். 1843 முதல் 1853 வரை பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட பிரிட்டனின் பாசிகள் பற்றிய நூல், ஒளிப்படங்களால் ஆன முதல் நூலாகக் கருதப்படுகிறது. ஒவ்வொரு பிரதிக்கும் நூற்றுக்கணக்கான தாள்களைத் தனித்தனியே பூசி, வெயிலில் வைத்து, அலசி, உலர்த்த வேண்டியிருந்தது. அந்தத் தாள்களில் பல இன்றும் நிறம் மாறாமல் நூலகங்களில் உள்ளன.

ஹெர்ஷல் குடும்பத்துக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. மூத்த மகன் வில்லியம் வங்காளத்தில் அதிகாரியாக இருந்தபோது 1858-இல் ஓர் ஒப்பந்தத்தில் கைப்பதிவு பெற்று, கைரேகை அடையாள முறைக்கு வழி செய்தார். தந்தையின் பெயரையே கொண்ட மற்றொரு மகன் இந்திய நில அளவைப் பணியில் இருந்தார். 1868-இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைத் தக்காணத்தின் ஜாம்கண்டியிலிருந்து ஆய்ந்தவர்களில் அவரும் ஒருவர்.

வரைபட அறைகளில்

ஹெர்ஷல் காலத்தில் சயனோடைப் பெரிதாகப் பரவவில்லை. மனித முகத்தை நீல நிறத்தில் பார்க்கப் பலர் விரும்பவில்லை. 1870-களில் பாரிஸ் நகரின் மரியோன் நிறுவனம் ஆயத்தமாகப் பூசிய தாளை விற்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. பொறியாளர்கள் மெல்லிய தாளில் கறுப்பு மையால் வரைந்த படத்தை இந்தத் தாளின் மீது வைத்து வெயில் காட்டினால், நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாக நகல் கிடைத்தது. அதுவே புளூ பிரிண்ட். கையால் படியெடுக்கும் நாள் கணக்கான வேலை சில நிமிடங்களில் முடிந்தது.

பாலம், அணை, இருப்புப்பாதை, தொழிற்சாலை என எந்தக் கட்டுமானத்துக்கும் இந்த நகல் உலகெங்கும் பயன்பட்டது. இந்தியாவின் பொறியியல் அலுவலகங்களிலும் இது பழக்கத்துக்கு வந்தது. ஃபெர்ரோ என்ற பெயர் வரைபட அறைகளில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அம்மோனியா ஆவியில் உருத்தெளியும் டயஸோ நகல் இதன் இடத்தைப் பிடித்தது. நீரும் அலசலும் தேவையில்லாததே டயஸோவின் வெற்றிக்கு முக்கியக் காரணம். பின்னர் ஒளிநகல் இயந்திரமும் கணினியும் வந்தன. புளூ பிரிண்ட் என்ற சொல் மட்டும் திட்டம் என்ற பொருளில் பேச்சில் எஞ்சியிருக்கிறது.

புளிப்பை அளந்த வரலாறு

ஹெர்ஷல் காலத்தில் நீரின் புளிப்பைக் குறிக்க எண் இல்லை. லிட்மஸ் தாள் சிவந்தால் அமிலம், நீலமானால் காரம் என்ற அளவில்தான் அறிய முடிந்தது. 1909-இல் கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய சோரன்சன், பி.எச். என்ற அளவுகோலை முன்வைத்தார். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு கூடுகிறது.

தமிழ்நாட்டு வீடுகளில் இதற்கு முன்பே நிறங்காட்டிகள் இருந்தன. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் என்பது குங்குமம் செய்வோருக்கும் ஆரத்தி கரைப்போருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் மஞ்சள் வீரியமான காரத்தையே காட்டும். கிணற்று நீரின் இலேசான காரத்துக்கு அது நிறம் மாறாது. நீல நிறச் சங்குப்பூவின் சாறு இன்னும் நுட்பமானது. எலுமிச்சைச் சாறு பட்டால் ஊதாவாகவும் பின்னர் இளஞ்சிவப்பாகவும் மாறும். சோடா உப்பு சேர்ந்தால் பச்சை கலக்கும். ஹெர்ஷல் ஆராய்ந்த பூச்சாறுகளின் குணமும் இதுவே. அவருடைய கட்டுரையின் இரு பொருள்களான பூச்சாறும் நீல அச்சும் ஒரே தட்டு நீரில் மீண்டும் சந்திப்பதாக இதைக் கருதலாம்.

அலசும்போது நடப்பது

பூசிய தாளில் வெயில் பட்ட இடத்தில் ஃபெரிக் இரும்பு ஃபெரஸ் இரும்பாக மாறுகிறது. அது ஃபெரிசயனைடுடன் சேர்ந்து பிரஷ்யன் நீலமாகிறது. வெயில் படாத இடத்தில் உப்புகள் மாறாமல் மஞ்சள்பச்சையாகவே இருக்கும். அலசலின் நோக்கம் இந்த மாறாத உப்புகளை முழுவதும் வெளியேற்றுவது. அவை தங்கிவிட்டால் பின்னர் வெளிச்சம் பட்டு வெள்ளைப் பகுதியும் நீலமாகிவிடும்.

நீர் காரமாக இருந்தால் இரண்டு கேடுகள் நேர்கின்றன. முதலாவது, கரைந்து வெளியேற வேண்டிய இரும்பு, ஃபெரிக் ஹைட்ராக்சைடாக மாறித் தாளின் நார்களில் படிகிறது. துருக்கறை போன்ற மஞ்சள் நிறம் அதனால்தான். இரண்டாவது, மக்கே கண்ட அதே சிதைவு மெதுவாகத் தொடங்குகிறது. அடர்ந்த நீலம் தாக்குப்பிடித்தாலும், மெல்லிய நீலத்தில் அமைந்த இடைத்தொனிகள் முதலில் மறைகின்றன. இலை அச்சு எடுத்தால் இலையின் வடிவம் நிற்கும். நரம்புகள் காணாமல் போகும்.

சுத்திகரித்த நீர் மட்டும் முழுத் தீர்வாகாது. அப்போதுதான் உருவான நீலம் மிக நுண்ணிய துகள்களாக இருக்கும். உப்பே இல்லாத தூய நீரில் அத்துகள்கள் கூழ்மமாகப் பிரிந்து தாளைவிட்டு ஓடிவிடக்கூடும். இலேசான புளிப்புள்ள முதல் அலசல், துகள்களை ஒன்றுசேர்த்துத் தாளில் நிறுத்துகிறது. இரும்பு படிவதையும் தடுக்கிறது. சயனோடைப் வேதியியலை விரிவாக ஆராய்ந்து, 1990-களில் புதிய கலவை ஒன்றையும் உருவாக்கிய பிரிட்டிஷ் வேதியியலாளர் மைக் வேர், அமிலம் கலந்த முதல் அலசலின் பயனை வலியுறுத்தியவர்களுள் ஒருவர்.

கல்வராயன் மலை நீரும் சமவெளி நீரும்

கள்ளக்குறிச்சி முன்னர் தென்னாற்காடு மாவட்டத்தின் ஒரு வட்டமாக இருந்தது. 1993-இல் விழுப்புரம் மாவட்டத்துக்குள் வந்தது. 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதன் மேற்கில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலை உள்ளது. வெள்ளிமலை இங்குள்ள முக்கிய ஊர். மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் இங்கு வாழ்கின்றனர். நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்த இம்மலை 1976-இல் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது.

கோமுகி, மணிமுத்தா ஆகிய ஆறுகள் கல்வராயன் மலையில் பிறக்கின்றன. கச்சிராயபாளையம் அருகே அடிவாரத்தில் கோமுகி அணை இருக்கிறது. இவ்வாறுகளின் நீர் இறுதியில் வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டை அருகே வங்கக் கடலை அடைகிறது. மலையில் பெய்யும் மழைநீர் பாறை மீது ஓடி வரும்போது, மண்ணுடன் நெடுநாள் தங்கியிருப்பதில்லை. ஆகவே ஓடை நீரில் கரைந்த உப்பு குறைவாக இருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் தூய மழைநீரின் பி.எச். சுமார் 5.6. அதாவது மழைநீர் இயல்பிலேயே சற்றுப் புளிப்பானது.

சமவெளியின் நிலை வேறு. கள்ளக்குறிச்சிப் பகுதி கடினப்பாறை நிலம். சார்னோகைட், நைஸ் வகைப் பாறைகளின் சிதைந்த மேலடுக்கிலும் வெடிப்புகளிலும் நிலத்தடி நீர் தங்குகிறது. அங்கே நெடுங்காலம் தங்கும் நீர், பாறையின் கால்சியம், மக்னீசியம் முதலியவற்றைக் கரைத்து, பைகார்பனேட்டை ஏற்றிக்கொள்கிறது. அதையே மக்கள் உப்புத் தண்ணீர், சப்புத் தண்ணீர் என்கின்றனர். சோப்பு நுரைக்காததும், பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு தங்குவதும், பருப்பு வேக நேரமாவதும் இதன் அடையாளங்கள்.

இந்திய தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம், பி.எச். 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம் என்கிறது. காரத்துவம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது. வேறு நீர் இல்லாதபோது 600 மில்லிகிராம் வரை ஏற்கலாம். குடிக்க ஏற்ற நீருக்குள்ளேயே மூன்று மடங்கு வேறுபாடு இருக்க இடம் உண்டு. குடிப்பவருக்கு அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். நீல அச்சுக்குத் தெரிந்துவிடும்.

பி.எச்., காரத்துவம் என்ற இரண்டையும் ஒன்றாகக் கொள்வது பலர் செய்யும் பிழை. பி.எச். என்பது நீர் அந்த நேரத்தில் எவ்வளவு புளிப்பு அல்லது காரம் என்பதைச் சொல்கிறது. காரத்துவம் என்பது புளிப்பைச் சேர்க்கும்போது நீர் எவ்வளவு எதிர்த்து நிற்கும் என்பதைச் சொல்கிறது. பி.எச். 8 காட்டும் ஓடை நீரும், அதே 8 காட்டும் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஒன்றல்ல. முன்னது சில துளி எலுமிச்சைச் சாற்றில் புளிப்பாகிவிடும். பின்னதில் சேர்க்கும் புளிப்பின் ஒரு பகுதியைப் பைகார்பனேட் விழுங்கிக் குமிழியாக வெளிவிடும். ஓர் ஊரில் எழுதிய அளவு மற்றோர் ஊரில் பலிக்காமல் போவது இதனால்தான்.

சாயம் தோய்த்தவர்களின் நீர் அறிவு

நீரைப் பார்த்து வேலையைத் தீர்மானிக்கும் வழக்கம் சோழமண்டலக் கரைக்குப் புதிதல்ல. சாயவேரைக் கொண்டு சிவப்பேற்றிய நெசவு, சாயத் தொழிலாளர்கள் கிணற்றுக்குக் கிணறு நீரின் குணம் மாறுவதை அறிந்திருந்தனர். ஹெர்ஷலின் கட்டுரைக்குச் சரியாக நூறு ஆண்டுகள் முன்பு, 1742-இல், இயேசு சபைத் துறவி கேர்து சோழமண்டலத்தின் துணி ஓவியச் செய்முறையைக் கடிதமாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். கடுக்காயும் எருமைப் பாலும் கொண்டு துணியைப் பதப்படுத்துவது உட்பட ஒவ்வொரு படியும் அதில் விளக்கப்பட்டது.

கலம்காரித் துணியில் கறுப்பு நிறமும் இரும்பிலிருந்தே வருகிறது. துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்தால் இரும்புக் கரைசல் கிடைக்கும். கடுக்காய் ஏற்றிய துணியில் அது பட்ட இடம் கறுக்கும். கடுக்காயின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்வதால் உண்டாகும் நிறம் அது. கல்வராயன் மலை மக்கள் காட்டிலிருந்து சேகரித்துச் சமவெளிக்கு அனுப்பும் பொருள்களில் கடுக்காய் முக்கியமானது. புளியும் அவ்வாறே.

இதே கடுக்காய் நீல அச்சிலும் பயன்படுகிறது. படத்தைச் சலவைச் சோடாக் கரைசலில் சில நொடிகள் முக்கினால் நீலம் வெளிறி மஞ்சளாகும். பின்னர் அலசி, கடுக்காய் அல்லது தேயிலைக் கஷாயத்தில் ஊறவைத்தால் படம் பழுப்புக் கறுப்பாக மீண்டு வரும். காரம் நீலத்தை உடைத்து இரும்பை விடுவிக்கிறது. துவர்ப்பு அந்த இரும்பைப் பற்றிக்கொள்கிறது. பழைய துணிச்சாயத்தின் வேதியியலும் ஒளிப்படத்தின் வேதியியலும் இங்கு ஒன்றாகின்றன.

தென்னாற்காடு மாவட்டம் ஒரு காலத்தில் அவுரிப் பயிருக்கும் பெயர் பெற்றிருந்தது. அவுரி நீலமும் பிரஷ்யன் நீலமும் பார்வைக்கு நெருங்கியவை, குணத்தில் எதிரானவை. அவுரித் தொட்டிக்குச் சுண்ணாம்புக் காரம் வேண்டும். பிரஷ்யன் நீலத்துக்கு அதுவே பகை. உவர்மண் போட்டு வெளுத்தாலும் அவுரித் துணி நிற்கும். சயனோடைப் பதித்த துணியைச் சலவைச் சோடாவில் போட்டால் படம் போய்விடும்.

வீட்டில் நீரைப் பதப்படுத்தும் முறை

முதலில் நீரை அறிய வேண்டும். ஒரே அளவான இரு கண்ணாடித் தம்ளர்களில், ஒன்றில் மழைநீர் அல்லது ஓடை நீரையும் மற்றொன்றில் கிணற்று நீரையும் எடுத்து, இரண்டிலும் சம அளவு சங்குப்பூச் சாற்றை விட வேண்டும். பின்னர் வடிகட்டிய எலுமிச்சைச் சாற்றைத் துளித்துளியாக விட்டு, நீலம் ஊதாவாக மாறும் வரை துளிகளை எண்ண வேண்டும். கூடுதல் துளி கேட்கும் நீரே காரத்துவம் மிகுந்தது. ஆய்வகத்தில் பியூரெட்டைக் கொண்டு செய்யும் தரம்பார்த்தலின் எளிய வடிவம் இது. மாணவர்கள் தங்கள் ஊர் நீரை அடுத்த ஊர் நீருடன் ஒப்பிட இது போதும்.

முதல் அலசலுக்கு ஒரு லிட்டர் நீரில் சுமார் 1 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்க்கலாம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்ற பெயரில் அது கிடைக்கும். ஒரு சிறிய எலுமிச்சம்பழத்தின் சாற்றில் ஏறத்தாழ அந்த அளவு அமிலம் உண்டு. நாரும் விதையும் இல்லாமல் துணியில் வடிகட்ட வேண்டும். வெள்ளை வினிகர் என்றால் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். நடுத்தரக் கடினமுள்ள கிணற்று நீரில் இந்த அளவுகள் பி.எச்.-ஐ 4 அளவுக்குக் கொண்டுவரும். காரத்துவம் மிகுந்த நீருக்குக் கூடுதலாகத் தேவைப்படும். அடுக்களையில் கைக்கெட்டும் புளி இதற்கு ஏற்றதல்ல. அதன் டார்டாரிக் அமிலம் பித்தளையைத் துலக்கினாலும், கரைசலின் பழுப்பு நிறம் தாளில் ஏறிவிடும்.

புளிப்பு நீரில் இரண்டு மூன்று நிமிடம் அசைத்துவிட்டு, சாதா நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் அலச வேண்டும். வெள்ளைப் பகுதியில் மஞ்சள் மறைந்ததும் நிறுத்திவிடலாம். புளிப்பு நீரிலேயே நெடுநேரம் ஊறவிடுவதும் நல்லதல்ல. சிட்ரேட் இரும்பைப் பற்றியிழுக்கும். கார நீரில் மணிக்கணக்கில் ஊறவிடுவது அதைவிடக் கேடு. அலசிய உடனே படம் சற்று வெளிர்ந்து தெரியும். காற்றுப்பட்டு ஒரு நாளில் நீலம் முதிரும். ஹைட்ரஜன் பெராக்சைடு சில துளி சேர்த்தால் அந்த நிறம் உடனே வரும். அதனால் காத்திருப்பு மிஞ்சுமே தவிர நிறம் கூடாது.

தாளையும் சோதிக்க வேண்டும். இன்றைய நகலெடுக்கும் தாள்கள் பலவற்றில் சுண்ணாம்புக்கல் தூள் நிரப்பப்பட்டிருக்கிறது. தாளின் மீது ஒரு துளி வினிகர் விட்டால் நுண்குமிழி எழுவது அதற்கு அடையாளம். அத்தகைய தாளில் நீரை எவ்வளவு பதப்படுத்தினாலும் காரம் உள்ளிருந்தே வேலை செய்யும்.

எச்சரிக்கை ஒன்று அவசியம். கழிவறை கழுவும் ஆசிட்டை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. ஃபெரிசயனைடு சாதாரண நிலையில் குறைந்த நச்சுத்தன்மை உடையதே. ஆனால் வீரியமான அமிலமும் வெப்பமும் சேர்ந்தால் ஷீலே கண்ட நச்சு வாயு வெளிப்படக்கூடும். சமையல் பாத்திரங்களை இதற்கு எடுக்கக் கூடாது. மருந்து பூசும்போது கையுறை வேண்டும். அலசிய நீரைக் கிணற்றருகிலோ ஓடையிலோ ஊற்றக் கூடாது.

தமிழ்நாட்டில் 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு, நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்தும் நோக்கம் கொண்டது. கூரையிலிருந்து தொட்டிக்கு வரும் அந்த நீர், முதல் மழையின் தூசியைக் கழித்துவிட்டால், அச்சு அலசவும் நல்ல நீர். எதிர்க்கும் காரத்துவம் அதில் மிகக் குறைவு என்பதால், சிட்டிகை அளவு சிட்ரிக் அமிலமே போதும்.

காப்பும் இழப்பும்

அலசல் முடிந்த பின்னும் காரத்தின் அபாயம் தொடர்கிறது. சாதாரணத் தாள் ஆவணங்கள் அமிலத்தால் நொறுங்குகின்றன. ஆகவே ஆவணக் காப்பாளர்கள் அவற்றைச் சற்றுக் காரமூட்டிய உறைகளில் வைக்கின்றனர். நீல அச்சுக்கு அதே உறை தீங்கு செய்யும். காரம் சேர்க்காத நடுநிலைத் தாளில்தான் அதை வைக்க வேண்டும். சுண்ணாம்பு அடித்த சுவரில் சாய்த்து வைத்தாலும், ஈரம் ஏறும்போது காரம் பரவி மஞ்சள் திட்டுகள் தோன்றலாம். சோப்புத் தண்ணீரால் துடைப்பதும் ஆகாது.

ஒளியால் நேரும் வெளிறல் இதற்கு மாறானது. வெளிச்சத்தில் நெடுநாள் தொங்கி வெளிறிய சயனோடைப்பைக் காற்றோட்டமுள்ள இருட்டில் வைத்தால் நீலம் பெருமளவு மீளும். காரத்தால் அழிந்த நீலம் தானாக மீளாது. பழைய கட்டடங்கள், பாலங்கள், ஏரி மதகுகள் ஆகியவற்றின் அசல் வரைபடம் தொலைந்து புளூ பிரிண்ட் மட்டும் எஞ்சியிருக்கும் இடங்களில், இந்த வேறுபாடு முக்கியமானது. நல்லெண்ணத்துடன் தவறான உறையில் போட்டுப் பாதுகாத்தால், அந்தக் கட்டுமானத்தைப் பற்றிய ஒரே சான்று மெல்ல மறைந்துவிடும்.

கல்வராயன் மலை ஓடையின் நீரும், அடிவாரத்து ஆழ்துளைக் கிணற்றின் நீரும் ஒரே மழையிலிருந்து வந்தவை. பாறைக்குள் எவ்வளவு காலம் தங்கின என்பதே அவற்றைப் பிரிக்கிறது. சாயம் தோய்த்தவர்கள் கண்ணாலும் நாவாலும் அறிந்த இந்த வேறுபாட்டை, பின்னாளில் சோரன்சன் எண்ணாக்கினார். வீட்டு முற்றத்தில் ஒரு வேப்பிலையை வைத்து எடுக்கும் நீல அச்சு, அதே வேறுபாட்டைப் படமாகவே காட்டுகிறது. இலை நரம்பு நிற்கிறதா, மறைகிறதா என்று பார்த்தே அந்த ஊர் நீரைப் பற்றி ஓரளவு சொல்லிவிட முடியும்.